சாவிக்கொத்து பறிபோன கதை

2021ஆம் ஆண்டு யூலை மாதம் 3ஆம் திகதி சனிக்கிழமை. சுவீடன் தேசமெங்கும் ஏறத்தாழ 800 கிளைகளைக் கொண்ட ‘கூப்’ என்னும் கூட்டுறவு அங்காடிக்குச் சென்ற மக்களிற் பெரும்பாலோர் பூட்டிய கதவுகளைக் கண்டு திரும்பினர். பண்டங்களுக்குப் பஞ்சம் நேர்ந்துவிடவில்லை. பணம் பெறும் கணினிப் பொறிகள் முதல்நாள் மாலை தொடக்கம் இயங்க மறுத்தமையே காரணம்.

இதில் விந்தை யாதெனின், பகைவர் அந்த அங்காடியை நேரே தாக்கவே இல்லை. கடல் கடந்து, அமெரிக்காவின் மியாமி நகரில் உள்ள ‘கசேயா’ என்னும் கம்பனி ஆக்கிய ‘வீ.எஸ்.ஏ.’ என்ற வலையமைப்பு முகாமைத்துவ மென்பொருளில் இருந்த ஓட்டையே இத்தனைக்கும் மூலம்.

அம்மென்பொருளின் தொழில் என்ன? நூற்றுக்கணக்கான கணினிகளை உடைய நிறுவனத்தில் ஒவ்வொன்றாகச் சென்று பழுது பார்த்தல் எளிதன்று. ஆகவே தலைமைக் கணினி ஒன்றை அமைத்து, ஏனைய கணினிகள் ஒவ்வொன்றிலும் ஏவலாள் போன்ற ஒரு சிறு நிரலை இருத்தி விடுகின்றனர். தலைமை இடும் கட்டளையை அந்த ஏவலாள் கேள்வி கேளாது நிறைவேற்றும். தமக்கெனப் பொறியியலாளரை வைத்திருக்க வசதியில்லாத சிறு வணிகர் இப்பணியை ஒப்பந்தகாரரிடம் விடுவர். ஒரே ஒப்பந்தகாரரின் கையில் பல நிறுவனங்களின் சாவிக்கொத்து இருக்கும். ‘கூப்’ அங்காடியின் பணப்பொறிகளும் இவ்வாறே பிறர் பராமரிப்பில் இருந்தன.

கடவுச்சொல்லைத் திருடுவோன் ஒருவருடைய பெட்டியைத் திறக்கிறான். தொலைவிலிருந்தே தன் கட்டளைகளை அயலார் கணினியில் இயக்கவல்லவனோ அந்த வீட்டுக்கே எசமானன் ஆகிறான். ‘வீ.எஸ்.ஏ.’யில் நிகழ்ந்தது இதுவே. வந்தவர் யார் என்று சரிவர வினவாத ஒரு பக்கத்தின் வழியே கயவர் நுழைந்தனர். தம் கோப்பை உள்ளே இட்டனர். பின் தலைமைக் கணினியைக் கொண்டே அதனை இயக்குவித்தனர். புதிய திருத்தம் வந்திருப்பதாகத் தலைமை அறிவிக்க, ஏவலாட்கள் பணிந்தன. கணப்பொழுதிற் கோப்புகள் யாவும் மறைகுறியாக்கத்தாற் பூட்டப்பட்டன.

நச்சுநிரல் தடுப்பான்கள் உறங்கினவோ என்று மாணவர் கேட்கக் கூடும். ஏவலாள் பணிபுரியும் கோப்புறையைச் சோதனையிடாது விட்டுவிடுமாறு வாடிக்கையாளருக்கு முன்னரே ஆலோசனை கூறப்பட்டிருந்தது! நஞ்சு வந்திறங்கிய இடமும் அதுவே.

மனத்தை வருத்துவது பிறிதொன்று. ஒல்லாந்து தேசத்துத் தொண்டர் குழுவொன்று அவ்வாண்டு ஏப்பிரல் மாதத் தொடக்கத்திலேயே இம்மென்பொருளில் ஏழு வழுக்களைக் கண்டு, ஊரறிய உரைக்காமல் கம்பனிக்கு மட்டும் அறிவித்திருந்தது. கம்பனியும் அலட்சியம் செய்யவில்லை. சிலவற்றை விரைந்து திருத்திற்று. எஞ்சியவற்றைச் சீர்செய்து கொண்டிருந்த வேளையிலே, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறையை ஒட்டிய யூலை 2ஆம் திகதி, ‘ரெவில்’ என்னும் கொள்ளைக் கூட்டம் முந்திக்கொண்டது. முழுத் திருத்தம் வெளிவந்தது யூலை 11ஆம் திகதி. ஒன்பதே நாள்!

தாக்குதலுக்கு நேரே ஆளான கம்பனியின் வாடிக்கையாளர் 60 பேருக்கும் குறைவு. ஆயின் அவர்களை நம்பியிருந்த ஏறக்குறைய 1,500 வணிகங்கள் வரை பாதிப்புற்றன. நியூசீலாந்தின் பாடசாலைகளும் தப்பவில்லை. பூட்டிய யாவற்றையும் திறக்கும் ஒரே சாவிக்குக் கொள்ளையர் கேட்ட விலை 7 கோடி டொலர்.

யூலை 21ஆம் திகதி அச்சாவி கசேயாவின் கைக்கு வந்தது. கப்பம் கொடுக்கவில்லை என்று கம்பனி உறுதி கூறிற்று. அமெரிக்கப் புலனாய்வுப் பணியகமான எப்.பி.ஐ. அதனை முன்னரே கைப்பற்றி, கூட்டத்தை முறியடிக்கும் நோக்குடன் ஏறத்தாழ மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தது என்னும் செய்தியை ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை செப்டெம்பரில் வெளியிட்டது. வேட்டையாடுவோர்க்கு அது நியாயமாகத் தோன்றலாம். அந்த மூன்று வாரமும் வணிகம் முடங்கிக் கிடந்தவர்க்கு அவ்வாறு தோன்றுமோ?

கொள்ளையருட் பலர் அகப்படவில்லை. போலந்தின் எல்லையிற் பிடிபட்ட யாரோஸ்லாவ் வசின்ஸ்கி என்னும் உக்ரேனிய இளைஞருக்கு 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நீதிமன்றம் 13 ஆண்டு 7 மாதச் சிறைத்தண்டனை விதித்து, 1 கோடி 60 இலட்சம் டொலருக்கு மேல் ஈடு செலுத்துமாறும் கட்டளையிட்டது.