மலைச் சாமையும் உலகக் கணக்கும்

கூட்டுறவு கடனுக்கும் கொள்முதலுக்கும் மட்டும் உரியதன்று, அறிவுக்கும் உரியது. மாறிவரும் தட்பவெப்பத்தால் பயிர்கள் என்னவாகும் என்பதைக் கணிக்கப் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடிச் செய்துவரும் முயற்சியே இதற்குச் சான்றாகும்.

மழை, வெப்பம், வெயில், மண், விதைப்பு நாள் ஆகியவற்றைக் கொண்டு மகசூலைக் கணக்கிடும் முறைக்குக் கணித மாதிரி என்று பெயர். அளவுகோல் வேறானால் துணியின் நீளமும் வேறாகும் என்பதை நெசவாள அங்கத்தினர் அறிவர். அவ்வாறே, தனித்தனியே கணக்கிட்ட அறிஞர்களின் விடைகளும் வேறுபட்டன. எனவே 2010-இல் 'அக்மிப்' என்னும் கூட்டுத் திட்டம் தோன்றியது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான அமெரிக்க விஞ்ஞானி சிந்தியா ரோசன்ஸ்வைக் அம்மையார் 2022-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

ஒரே புள்ளி விவரத்தை எல்லா மாதிரிகளுக்கும் கொடுத்து விடைகளை ஒப்பிடுவதே இத்திட்டத்தின் முறை. ஒருவர் சொல்லை மட்டும் நம்பி நாம் நிலத்தை மதிப்பிட்டுக் கடன் வழங்குவதில்லை அல்லவா? 2015-இல் வெளியான ஆய்வில் 30 கோதுமை மாதிரிகள் ஒப்பிடப்பட்டன. வெப்பம் ஒரு டிகிரி கூடுந்தோறும் உலகக் கோதுமை விளைச்சல் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது முடிவு. நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நார்வே நாட்டாருடன் சேர்ந்து காவிரிப் படுகை நெல்லை இவ்வாறு ஆராய்ந்துள்ளது.

இனி, கொல்லிமலைக்கு வருவோம். உலகளாவிய கணக்குகளில் பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கின்றனர். வழக்கமான கட்டம் ஒன்றின் பக்கம் சுமார் 55 கிலோமீட்டர். நாமக்கல் நகரும், மோகனூர்க் காவிரிக் கரையும், 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். இவ்வேறுபாட்டைச் சராசரி மறைத்துவிடுகிறது.

மேலும், நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றுக்கு மாதிரிகள் பல உண்டு. சாமைக்கோ அத்தகைய கவனிப்பு கிட்டவில்லை. மரவள்ளி பரவியபின் மலையில் சாமையும் தினையும் சுருங்கின. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலைவாழ் மக்களுடன் சேர்ந்து இவற்றின் விதைகளைக் காத்து வருகிறது. விதை காக்கப்பட்டால் மட்டும் போதாது. எப்பயிருக்கு ஊக்கமளிப்பது, எவ்வளவு கடன் தருவது என்பன கணக்கைக் கொண்டு முடிவாகும் காலத்தில், சமவெளியின் புள்ளி மலைக்குப் பொருந்தாது.

ஆதலின், மலையிலுள்ள ஒவ்வொரு சங்கமும் ஒரு மழைமானியும் ஒரு பதிவேடும் வைத்தல் நன்று. அன்றாட மழை, விதைத்த நாள், அறுத்த நாள், கண்ட மகசூல் ஆகியவற்றை ஆண்டுதோறும் தவறாது குறித்துவரின், ஆராய்ச்சியாளர் அவற்றை நாடி வருவர். இதற்குப் பெருஞ்செலவில்லை, ஒழுங்கே வேண்டும். அங்கத்தினர்கள் வரும் விதைப்புப் பருவத்திலேயே இதைத் தொடங்க முன்வருவார்களாக!