தீப்பொறி பறக்காத வெல்டிங்!



"விளையாடினது போதும், வேலையைப் பார்!" என்று வீட்டில் பெரியவர்கள் அதட்டுவார்கள். அந்த விளையாட்டே வேலையாக இருந்தால்? "இன்றைக்கு நாள் முழுக்க உட்கார்ந்து இதை விளையாடு" என்று தன் ஆட்களிடம் சொல்லும் கம்பெனிகள் உலகத்தில் இருக்கின்றன. அந்த விளையாட்டுகளைச் செய்து விற்பதற்கென்றே தனிக் கம்பெனிகளும் இருக்கின்றன. 'சீரியஸ் கேம்ஸ்' என்று இவற்றுக்குப் பெயர். வேலையைக் கற்றுத் தரும் விளையாட்டு, அவ்வளவுதான்.

நம் சென்னையிலேயே அப்படி ஒரு கம்பெனி 2012-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் பெயர் ஸ்கில்வெரி. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்தது. அது எந்த விளையாட்டைச் செய்து பெயர் வாங்கியது தெரியுமா? கிரிக்கெட் இல்லை, கார் ரேஸ் இல்லை. வெல்டிங்!

வெல்டிங்கில் விளையாட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். திண்டிவனத்தில் இருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். சுமார் 40 கிலோமீட்டர் தூரம். வழியில் எத்தனை வெல்டிங் பட்டறைகள்! ஒன்றில் வீட்டு கேட் செய்வார்கள். ஒன்றில் ஜன்னல் கிரில். முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர் ஒன்று அச்சு விட்டு நிற்கும். பார்க்கும்போது சுலபமாகத்தான் தெரியும். ராடை இரும்பில் தொடுகிறார், பொறி பறக்கிறது, ஒட்டிவிடுகிறது. ஆனால், அந்தக் கைக்குள் நடப்பது பெரிய கணக்கு.

ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். விலகினால் பொறி கண்டபடி சிதறும், தீ அணைந்துபோகும். வேகமாக இழுத்தால் பற்று மெல்லியதாகிவிடும், மெதுவாக இழுத்தால் தகட்டில் ஓட்டை விழும். ராடைப் பிடிக்கும் சாய்வும் மாறக்கூடாது. இதில் வேடிக்கை என்னவென்றால், வெல்டிங் ஆக ஆக ராடு கரைந்து குட்டையாகிக்கொண்டே வரும். ஆகவே, கை பக்கவாட்டில் நகரும்போதே கீழேயும் இறங்க வேண்டும். சைக்கிள் ஓட்டிக்கொண்டே ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி!

இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ராடின் நுனியில் எரியும் அந்தச் சின்ன நெருப்பில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் இருக்கிறது. அந்த ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் கலந்திருக்கிறது.

என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒரு பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு பட்டறையில் வேலை பழகினான். ஒருநாள் காலையில் எங்கள் தெரு வழியாக, கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு போனான். "என்னப்பா?" என்றேன். "கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு சார். ராத்திரி பூரா தூக்கமே இல்ல" என்றான். முந்தின நாள் மாலையில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் 'கொஞ்ச நேரம்' வெல்டிங் வைத்திருக்கிறான். இந்த வலிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அடிபட்ட உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, நடுராத்திரியில்தான் ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். நீங்களும் பட்டறையைத் தாண்டிப் போகும்போது அந்த வெளிச்சத்தை உற்றுப் பார்க்காதீர்கள். அழகாக இருக்கும்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள்.

கண் மட்டும் இல்லை. கற்றுக்கொள்கிறவன் கெடுக்கிற ஒவ்வொரு ராடும் காசு. ஒவ்வொரு தகடும் காசு. இதனால் என்ன நடக்கும்? "நீ பார்த்துக்கோ" என்று சொல்லி முதலாளி தானே செய்வார். பையன் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே நிற்பான். நீச்சலைப் பார்த்துப் பழக முடியுமா?

இந்த இடத்தில்தான் அந்த விளையாட்டு வருகிறது. கையில் நிஜ ஹோல்டர் போலவே ஒரு கருவி. எதிரே திரை. கருவியை நகர்த்தினால் திரையில் நெருப்பு எரிகிறது, இரும்பு உருகுகிறது, 'சர்ர்ர்' என்று சத்தமும் கேட்கிறது. ஆனால் சூடு இல்லை, புகை இல்லை, கண்ணைக் கெடுக்கும் கதிரும் இல்லை. கை எவ்வளவு தூரத்தில் இருந்தது, எந்த வேகத்தில் போனது, எந்தச் சாய்வில் நின்றது என்று கம்ப்யூட்டர் அளந்துகொண்டே இருக்கும். முடித்ததும் மதிப்பெண் வந்துவிடும். எந்த இடத்தில் கை நடுங்கியது என்பதும் தெரிந்துவிடும். பிடிக்கவில்லையா? அழித்துவிட்டு மறுபடி ஆடலாம். நூறு தடவை கெடுத்தாலும் ஒரு ராடு செலவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் எனக்கு இதில் பிடித்தது, அந்த உடனடி மதிப்பெண்தான். பரீட்சை எழுதி மூன்று வாரம் கழித்து விடைத்தாள் வந்தால், என்ன நினைத்து அப்படி எழுதினோம் என்பதே உங்களுக்கு மறந்திருக்கும். கை செய்த தப்பு கைக்கு ஞாபகம் இருக்கும்போதே சொன்னால்தான் கை திருந்தும்.

விளையாட்டாக வேலை பழகுவது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் பிங்காம்டன் என்ற ஊரில் பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார் ஒருவர். அவர் மகன் எட்வின் லிங்க்குக்கு விமானம் ஓட்டப் பைத்தியமாக ஆசை. ஆனால் பயிற்சிக் கட்டணம் அதிகம். ஆர்கனுக்குக் காற்று ஊதுகிற துருத்திகள்தான் அப்பாவின் தொழிற்சாலையில் இருந்தனவே! அவற்றை வைத்து, தரையில் இருந்தபடியே விமானம் போலச் சாய்ந்து திரும்பும் ஒரு குட்டிப் பெட்டியை 1929-ல் செய்து முடித்தார். விமானப் பள்ளிகள் அதை லட்சியம் செய்யவில்லை. பொருட்காட்சித் திடல்காரர்கள்தான் வாங்கினார்கள், குழந்தைகள் காசு போட்டு ஏறி ஆடுவதற்கு!

1934-ல் நிலைமை மாறியது. அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளைக் கொண்டுபோகும் வேலையை ஏற்றார்கள். குளிர்காலம், மூடுபனி, இருட்டு. கருவிகளைப் பார்த்தே ஓட்டும் பழக்கம் அவர்களுக்குப் போதவில்லை. சில வாரங்களில் பல விமானிகள் இறந்துபோனார்கள். ராணுவ அதிகாரிகள் லிங்க்கைப் பேச அழைத்தார்கள். அன்றைக்கும் மோசமான வானிலை. "இந்தப் பனியில் எங்கே வரப்போகிறார்" என்று அவர்கள் கிளம்பும் நேரத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டி வந்து லிங்க் தரை இறங்கினார். அப்புறம் விளக்கம் தேவைப்படுமா? ராணுவம் 6 பெட்டிகள் வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டியில் பழகிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்களுக்கு இன்னொரு கதை. நகரம் கட்டும் 'சிம்சிட்டி' 1989-ல் வெளிவந்தது. அதைப் பார்த்த செவ்ரான் என்ற எண்ணெய் கம்பெனிக்கு ஆசை வந்தது. அதன் சுத்திகரிப்பு ஆலையில் ஒவ்வொரு பிரிவினருக்கும் தங்கள் வேலை மட்டும்தான் தெரியும். பக்கத்துப் பிரிவில் குழாயைக் குறைத்தால் தங்கள் பக்கம் என்ன ஆகும் என்று தெரியாது. அதைப் புரியவைக்க, 1990-களின் தொடக்கத்தில் 'சிம்ரிஃபைனரி' என்ற விளையாட்டைச் செய்து வாங்கினார்கள். கடையில் விற்காத விளையாட்டு! பல வருடம் அது தொலைந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். 2020-ல் யாரோ ஒருவரிடம் பழைய ஃபிளாப்பி தட்டில் பத்திரமாக இருந்தது தெரிந்தது. ஃபிளாப்பி என்றால் என்ன என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள்.

விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கும்போது இன்ஜின் ஓட்டுநரையும் நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைக்கு அங்கே பாதை பிரிகிறது. முழு வேகத்தில் வரும் ரயில் பிரேக் போட்டு நிற்கவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். பனியில் சிக்னல் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதை நிஜ ரயிலில், ஆயிரம் பேரை உட்கார வைத்துக்கொண்டா பழக முடியும்? அதற்கும் திரையும் கைப்பிடியும் வைத்த பயிற்சி அறைகள் இருக்கின்றன.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. திரையில் வெல்டிங் வைப்பவன் காலில் தீப்பொறி விழுவதில்லை. சட்டை வியர்ப்பதில்லை. ஏணி மேல் நின்று தலைக்கு மேலே இருக்கும் குழாயைப் பற்றவைக்கும்போது வரும் பயம் திரையில் வராது. ஆகவே, விளையாட்டில் நல்ல மதிப்பெண் எடுத்தவனும் பட்டறைக்குப் போய்க் கண்ணாடி மாட்டி, நிஜ இரும்பில் கை வைத்தே ஆக வேண்டும். லிங்க் பெட்டியில் பழகியவர்களும் பிறகு நிஜ விமானம் ஏறினார்கள்.

மெஷின் வாங்க நம்மிடம் காசு ஏது? ஒரு தென்னை ஈர்க்குச்சி போதும். ஒரு அடி நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். நோட்டில் 15 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் என்ன உயரமோ, அதுதான் நுனிக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளி. குச்சியின் கடைசி முனையைப் பிடித்து, அதே உயரத்தில், அதே சாய்வில், கோட்டின் மேலேயே சரியாக ஒரு நிமிடத்தில் கடக்க வேண்டும். நண்பன் கடிகாரம் பார்க்கட்டும். தங்கை கண்காணிக்கட்டும். ஆரம்பத்தில் 10 மதிப்பெண். தாளைத் தொட்டால் ஒன்று குறையும். உயர்ந்தால் ஒன்று, கோட்டை விட்டு விலகினால் ஒன்று. ஐந்து வினாடி முந்தினாலும் பிந்தினாலும் ஒன்று.

முதல் ஆட்டத்தில் அநேகமாக 4, 5 மதிப்பெண்தான் வரும். தட்டுத் தடுமாறி 8 எடுத்துவிட்டால், தங்கையிடம் ஒரு கத்தரிக்கோலைக் கொடுங்கள். நீங்கள் நகர்த்திக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் பிடித்திருக்கும் பக்கம் அல்ல, நுனிப் பக்கம் அவள் துளித்துளியாக வெட்டிக்கொண்டே வரட்டும். ராடு கரைவது அப்படித்தான்!