ஊமத்தையும் வல்லாரையும்

மணிலாக்கொட்டை விளையும் நிலத்துக்கு எலி எவ்வளவு பெரிய சத்துரு என்பதும், அந்தச் சத்துருவை ஜயிப்பதற்கு விஷத்தைவிடப் பொறுமையே முதற்கருவி என்பதும், திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் மல்லாட்டை பயிரிட்டுப் பிழைக்கும் குடியானவர்கள் அனுபவத்தில் கண்டவை. விஷம் கலந்த பொரியை முதல் நாளே வளை வாயிலில் வைப்பவர் ஏமாந்துபோவார். விஷயம் தெரிந்தவரோ, இரண்டு மூன்று தினங்கள் எண்ணெய் பிசறிய வெறும் பொரியையே வைத்து, எலிக்கு அந்தத் தீனியில் நம்பிக்கை பிறந்த பின்னர்தான் மருந்தைக் கலப்பார். ஏனெனில், புதிய தீனியைக் கண்டால் எலி முதலில் கொஞ்சமே கொறித்துப் பார்க்கும். அதனால் வயிற்றில் உபத்திரவம் உண்டாகி, உயிர் மட்டும் தப்பிவிட்டால், பிறகு அந்தச் சுவையின் பக்கமே அது திரும்பாது.

வரப்பில் கண்ட இந்த உண்மையை, அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜான் கார்சியாவும் அவருடைய சகாக்களும் 1966-ல் பரிசோதனை மூலம் எடுத்துக்காட்டியபோது, அறிஞர்கள் பலர் அதை எளிதில் ஏற்கவில்லை. ஒரு செயலுக்கும் அதன் பலனுக்கும் இடையே நெடுநேரம் கழிந்துவிட்டால் பிராணி அவ்விரண்டையும் இணைத்துக் கற்றுக்கொள்ளாது என்பதே அதுவரை நிலவிய சித்தாந்தம். தின்ற சுவைக்கும், வெகுநேரம் கழித்து வந்த குமட்டலுக்கும் உள்ள சம்பந்தத்தை எலி ஒரே தடவையில் பற்றிக்கொள்கிறது என்பதை கார்சியா நிரூபித்தார். வளைக்குள் இருக்கும் எலி எந்த வாசல் வழியாகத் தப்பும் என்பதை மண்ணைப் பார்த்தே சொல்லிவிடும் எங்கள் பக்கத்து இருளர் பெருமக்களுக்கு, எலியின் புத்தி புதிய செய்தியாக இருந்திராது.

எலியின் ஞாபகத்தைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் பெரியம்மா. மயிலத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில், நாற்பது வருஷங்களாகக் குடியிருந்த சொந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, விளக்கு வைக்கும் வேளையில், "நேரமாவுது கண்ணு, நம்ம வூட்டுக்குப் போவலாம் வா" என்று என் கையைப் பிடித்து இழுத்த நாள் முதல், அவர் ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வந்தார். சாப்பிட்டதை மறந்தார், என் பெயரை மறந்தார். ஆனால் விதைக்கு மல்லாட்டை உடைக்கச் சொல்லி ஒரு முறம் கொடுத்தால், பருப்பின் மெல்லிய தோல் சிறிதும் கிழியாமல், முளைமுனை நசுங்காமல், ஊரில் எவராலும் ஆகாத வேகத்தில் அவர் விரல்கள் உடைத்துக் குவித்தன.

நினைவு என்பது ஒன்றன்று, பல என்பதைச் சாஸ்திரம் ஒரு மனிதரின் துர்ப்பாக்கியத்திலிருந்து கற்றது. ஹென்றி மொலெய்சன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு 1953-ல் மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகத்தை அகற்றினார்கள். அதன் பிறகு அவர் புதிதாகச் சந்தித்தவர்களைச் சற்று நேரத்தில் மறந்துவிடுவார். ஆயினும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையும்படி பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் பயிற்சி அளித்தபோது, முந்தின நாள் பயின்றதே நினைவில்லாத அம்மனிதரின் கை, நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றது. சம்பவங்களை வைத்துக் காக்கும் இடம் வேறு. கைப்பழக்கத்தை வைத்துக் காக்கும் இடம் வேறு. பெரியம்மாவின் முறத்தில் நான் கண்டதும் அதுவே.

ஹிப்போகாம்பஸின் தொழிலை நுட்பமாக அளப்பதற்கு எலியே உதவிற்று. ரிச்சர்ட் மாரிஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1981-ல் வெளியிட்ட முறையின்படி, வட்டமான தொட்டியில் பால் கலந்து கலங்கலாக்கிய நீரை நிரப்பி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குப் புலப்படாமல் ஒரு சிறு மேடையை நிறுத்தி, அதில் எலியை நீந்த விடுகிறார்கள். கோபுரத்தையும் புளியமரத்தையும் அடையாளம் வைத்து நாம் வீடு சேருவது போலவே, சுற்றிலும் தெரியும் பொருள்களை அடையாளமாகக் கொண்டு எலி சில தடவைகளில் மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்கிறது. ஹிப்போகாம்பஸ் சேதமுற்ற எலியோ, தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தவிக்கிறது. அந்தத் தவிப்பைப் பற்றிப் படித்த அன்று, சொந்த வீட்டிலிருந்தே வீட்டைத் தேடிய பெரியம்மாவின் முகம் என் கண்முன் நின்றது.

இனி, மூளையைத் தீண்டும் மருந்துகளின் விஷயத்துக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் பாதையோரக் குப்பைமேட்டில் முட்காயோடு நிற்கும் ஊமத்தையில், ஸ்கோபோலமின் என்னும் பொருள் இருக்கிறது. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் தூதர்களுள் ஒன்றான அசிட்டைல்கோலினின் வாசலை அது அடைத்துவிடுகிறது. பழகிய வழியை, ஸ்கோபோலமின் செலுத்தப்பட்ட எலி தவறவிடுகிறது. 1974-ல் டிராக்மன், லெவிட் என்னும் இருவர், ஆரோக்கியமான வாலிபர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய ஞாபகக் குறைவு முதியோரிடம் காணப்படும் குறைவை ஒத்திருந்தது. அல்ஸைமர் நோயாளிகளின் மூளையில் அசிட்டைல்கோலின் குன்றியிருப்பதும் அதே காலத்தில் தெளிவாயிற்று. அந்தத் தூதர் சீக்கிரம் அழிந்துபோகாமல் காக்கும் டோனெபெசில் முதலிய மருந்துகள் 1990-களில் புழக்கத்துக்கு வந்தன. அவை நோயின் அறிகுறிகளைச் சிலகாலம், சிறிதளவு தணிக்கின்றனவேயன்றி, நோயின் போக்கை நிறுத்துவதில்லை.

ஊமத்தை மறக்கச் செய்வதென்றால், ஏரிக்கரையின் ஈரத்தில் படரும் வல்லாரை நினைக்கச் செய்யும் என்பது நம் வைத்தியமரபின் நெடுநாளைய நம்பிக்கை. பெரியம்மாவுக்கு வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுக்காத வீடு அந்தத் தெருவில் இல்லை. இந்த நம்பிக்கையை நம் நாட்டு விஞ்ஞானிகள் அலட்சியம் செய்யவுமில்லை. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார், வல்லாரையின் துணைவி போலச் சேற்றில் வளரும் நீர்ப்பிரமியின் சாறு எலிகளின் கற்கும் திறனை வளர்ப்பதாக 1980-களில் கண்டார்கள். மணிப்பாலில் நடந்த ஆராய்ச்சியில், வல்லாரைப் பச்சிலையின் நீர்ச்சாறு எலிகளின் ஞாபகத்துக்கு அனுகூலம் செய்வதாகத் தெரிந்தது. ஸ்கோபோலமின் கொடுத்து எலியை மறக்கச் செய்து, பின்னர் ஒரு மூலிகையால் அந்த மறதி நீங்குகிறதா என்று பார்ப்பது இன்று மருந்தியல் மாணவர்களுக்கு மிகவும் பழகிய பரிசோதனை.

எனினும், இவ்விடத்தில் நிதானம் வேண்டும். ஸ்கோபோலமினால் எலிக்கு வரும் மறதி, மருந்தின் வேகம் தணிந்ததும் அகலும் தற்காலிக மறதி. பூட்டிய கதவைத் திறப்பது போன்றது அதன் பரிகாரம். அல்ஸைமர் நோயிலோ நரம்பணுக்களே வருஷக்கணக்கில் மடிகின்றன. அங்கே கதவு மட்டுமல்ல, சுவரும் இடிந்துகொண்டிருக்கிறது. எலிக்கு இயற்கையாக இந்நோய் வருவதுமில்லை. ஆகையால், எலியிடம் ஒரு மூலிகை பெற்ற வெற்றி நமக்கு ஒரு நல்ல கேள்வியை அளிக்கிறதே தவிர, விடையை அளித்துவிடவில்லை.

விடை வரையில் நடந்து சென்ற மூலிகையும் உண்டு. உடம்பில் பட்டால் அரிப்பெடுக்கும் பூனைக்காலியின் விதையிலிருந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் எல்-டோப்பா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1937-ல் அறிவித்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், நம் சர்ப்பகந்தியில் கிடைக்கும் ரெசர்பினைக் கொடுத்து முயல்களை அசைவற்றுப் போகச் செய்து, பின்பு டோப்பாவைச் செலுத்தி அவற்றை எழுந்து நடமாடச் செய்தார். 1967-ல் கோட்சியாஸ் என்பவர் பார்க்கின்ஸன் நோயாளிகளுக்கு அளவைப் படிப்படியாக உயர்த்திக் கொடுத்து நற்பலன் கண்டார். செடியிலிருந்து மூலப்பொருள், மூலப்பொருளிலிருந்து பிராணி, பிராணியிலிருந்து மனிதன், மனிதனில் அளவும் அபாயமும் என்று அந்த மார்க்கம் முற்றுப்பெற்றதனால்தான் இன்று லட்சக்கணக்கானோர் நடமாடுகிறார்கள். வல்லாரை இந்த மார்க்கத்தின் பாதியில் நிற்கிறது.

அதை மீதி தூரமும் நடத்திச் செல்ல வேண்டும் என்று நான் மன்றாடுகிறேன். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயினால் வருந்துகிறார்கள் என்று 2023-ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் டி.எம்.வி. என்று வழங்கும் மணிலா ரகங்களைத் தேசமே அறியும். ஒரு புதிய ரகத்தைப் பழைய ரகத்தின் பக்கத்திலேயே விதைத்து, பல பருவங்களிலும் பல நிலங்களிலும் மகசூலை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே குடியானவரிடம் விதையைக் கொடுக்கிறார்கள். வயலில் விதைக்கும் விதைக்கு நாம் கேட்கும் அத்தாட்சியை, பெற்றவளின் வாயில் ஊட்டும் இலைக்கும் கேட்பது அந்த இலைக்கு அவமதிப்பாகாது. அதற்கு நாம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை அதுவே.

அதுவரையில் குடும்பத்தார் செய்ய வேண்டியது ஒன்றை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். பெரியம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, அவர் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் கொண்டுவரும்படி சொன்னார்கள். இரவில் தூக்கம் வருவதற்காக அவர் நெடுநாளாய் விழுங்கிவந்த சளி மாத்திரை, ஊமத்தையின் ஸ்கோபோலமினைப் போலவே அசிட்டைல்கோலினைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. பழைய ஒவ்வாமை மாத்திரைகளிலும், சிறுநீர்ப் பைக்கும் வயிற்றுவலிக்கும் கொடுக்கும் மருந்துகளிலும் சில இவ்வகையின. முதியோரின் நினைவை இவை மேலும் மங்கச் செய்யக்கூடும். தாமாக நிறுத்திவிடாமல், வைத்தியரிடம் காட்டிக் கேட்க வேண்டும். தைராய்டுக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயசானா அப்படித்தான்" என்று சொல்லித் திண்ணையிலேயே உட்காரவைப்பது, தீரக்கூடிய துன்பத்தையும் தீராததாக்கிவிடும்.

அந்த மாத்திரை நின்ற பிறகு பெரியம்மாவின் நோய் தீர்ந்துவிடவில்லை. ஆனால் சில வாரங்களில், மாலை வேளையின் கலக்கம் குறைந்தது, இரண்டொரு தடவை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வல்லாரைத் துவையலை நாங்கள் நிறுத்தவில்லை. மருந்தென்று நம்பாமல், அவருக்குப் பிடித்த துவையல் என்றே ஊட்டினோம். அந்த ஆடியில் மானாவாரி நிலத்துக்கு வேண்டிய விதை முழுவதையும் அவரே உடைத்துக் கொடுத்தார். எதற்காக உடைக்கிறோம் என்பது அவருக்கு நினைவில்லை. முளைப்பில் ஒரு விதைகூடச் சோடை போகவில்லை.