பாதாள ரயில் நிலையத்தில் ஒரு புகைப்படம்

சூரிய ஒளி எட்டாத இடத்தில் புகைப்படம் எடுக்க முடியுமா? முடியும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒளியை நாமே கொண்டு செல்வது. மற்றொன்று, அங்கே இருக்கும் ஒளியைப் பொறுமையாகச் சேர்ப்பது.

1860களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரின் நிலத்தடிக் கல்லறைச் சுரங்கங்களை நதார் என்ற கலைஞர் படம் எடுத்தார். மின்கலங்களால் எரியும் வில்விளக்கை உள்ளே கொண்டு சென்றார். அப்படியும் ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை தேவைப்பட்டது. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க யாரால் முடியும்? ஆகவே தொழிலாளிகளின் இடத்தில் பொம்மைகளை நிறுத்தினார்!

1887இல் ஜெர்மனியில் 'மின்னல் தூள்' வந்தது. அதில் மக்னீசியத் தூளும் பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தன. சிவகாசித் தீக்குச்சியின் தலையில் இருக்கிறதே, அதே குளோரேட்தான். அது சூடானதும் ஆக்சிஜனை வெளிவிடும். அந்த ஆக்சிஜனில் மக்னீசியம் கண் கூசும் வெண்ணொளியுடன் எரியும். ஒளி கிடைத்தது. கூடவே புகையும் தீக்காயங்களும் வந்தன. அத்தகைய மருந்துக் கலவை எவ்வளவு ஆபத்தானது என்பதை விருதுநகர் மாவட்டத்து மாணவர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

இனி இரண்டாவது வழிக்கு வருவோம். சென்னையில் 2017 மே 14 அன்று திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை சுரங்க மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அங்குள்ள விளக்குகளே நமக்குப் போதும். காமிராவின் ஷட்டரைச் சற்று அதிக நேரம் திறந்து வைத்தால், குறைந்த ஒளியும் சிறிது சிறிதாகச் சேர்ந்து படமாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரயில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 10 மீட்டர். ஷட்டர் 1/100 நொடி திறந்தால் ரயில் 10 செ.மீ. நகரும். 1 நொடி திறந்தால் 10 மீட்டர் நகர்ந்துவிடும்! தூண்களும் தரையும் தெளிவாக இருக்க, ரயில் மட்டும் ஒளிக்கோடாக நீளும். நடந்து போகிறவர்கள் புகைபோல் மங்கிவிடுவார்கள். அசையாமல் நிற்கும் உங்கள் நண்பர் மட்டும் தெளிவாக விழுவார். ஆகவே, படத்தில் யார் நிலைக்க வேண்டும், யார் மறைய வேண்டும் என்பதைக் காமிரா தீர்மானிப்பதில்லை. நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் நீங்களே தீர்மானிக்கிறீர்கள்.

நிலைய அலுவலரிடம் அனுமதி கேட்ட பிறகே படம் எடுங்கள். பிளாஷ் வேண்டாம். அது பிறர் கண்ணைக் கூசச் செய்யும். நடைமேடையின் கண்ணாடிக் கதவில் பட்டுத் திரும்பிப் படத்தையும் கெடுக்கும்.

ரயில் நிலையத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே பழகலாம். கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, ஷட்டர் நேரத்தை 2 நொடியாக வையுங்கள். இருட்டறையில் நண்பர் டார்ச் விளக்கை வட்டமாகச் சுழற்றட்டும். படத்தில் அரை வட்டம்தான் வந்தது என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு அவர் எத்தனை நொடி எடுத்துக்கொண்டார்? கணக்கிட்டுப் பாருங்கள்.