நண்டுக் கூட்டிற்கு ஒரு சிறுவாசல்



பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை ஆகிய ஊர்களுக்குச் செல்வோர், இருமருங்கும் விரிந்து கிடக்கும் பரவைக் கடலிலே நட்ட தடிகளையும் அவற்றிற் கட்டிய வலைகளையும் காண்பர். கண்ணுக்குப் புலப்படாமல் நீரினடியிற் கிடப்பன கூடுகள். இவற்றை வைப்போர் அனைவரும் கடற்றொழிலாளர் அல்லர். உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவரும், விடுமுறைக்கு ஊர் வந்த இளைஞரும், வீட்டுக் கறிக்காகவும் பொழுதுபோக்காகவும் ஒன்றிரண்டு கூடுகளைக் கரையோரத்தில் இறக்குவதுண்டு. அத்தகையோரை நோக்கியே இன்று பேச விழைகின்றேன்.

கூட்டின் அமைப்பு யாவரும் அறிந்ததே. இரையின் மணத்தை நாடி வரும் நண்டு அகன்ற வாயினுட் புகுகின்றது. வாயோ உள்ளே செல்லச் செல்ல ஒடுங்குவதால், மீண்டு வர வழி காணாது அகப்படுகின்றது. முற்காலத்தில் தடியாலும் நாராலும் கூடு கட்டினர். அக்கூட்டின் இடைவெளிகள் ஒரேயளவாய் இராமையால் சிறு நண்டுகள் எங்காவது நுழைந்து தப்பிவிடும். இக்காலத்துக் கம்பிவலைக் கூட்டிலோ, செயற்கை நூல்வலை போர்த்த மடக்குக் கூட்டிலோ அந்த வசதி இல்லை. விரலளவு குஞ்சும் அகப்படுகின்றது. அதனைக் கரையிற் கொட்டி, கறிக்கு ஆகாதென ஒதுக்கிவிடுகின்றோம். கால் முறிந்தும் வெயிலில் உலர்ந்தும் கிடந்த பின் கடலில் எறிந்தாற்கூட அது பிழைப்பது அரிது.

இதற்குப் பிறநாடுகள் கண்ட வழி எளியது. கூட்டின் பக்கத்தில் அளந்தமைத்த ஒரு திறப்பு. சிறியது வெளியேறும், பெரியது தங்கும். இதனைத் தப்புவழி எனலாம். அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்திலே பொழுதுபோக்காக நண்டு பிடிப்போரின் கூட்டிலும் நாலேகால் அங்குல விட்டமுள்ள வளையங்கள் இரண்டு இருத்தல் வேண்டுமென்பது சட்டம். புளோரிடாவில் வளையம் மூன்று; விட்டம் இரண்டேகால் அங்குலத்திலும் சற்று மிகுதி. அளவு ஏன் இவ்வாறு வேறுபடுகின்றது? அங்கங்கு வாழும் நண்டு வேறு. ஆதலால் பிறர் அளவை அப்படியே எடுத்து நமது கூட்டில் வெட்டுவது பயனற்றது. நாலேகால் அங்குல வளையத்தை இங்கு வைத்தால் சமையலறைக்கு இரைமீன் ஒன்றே மிஞ்சும்!

நம் கடலிற் பெரிதும் கிடைப்பது நீலக்கால் நண்டு. இதன் அளவை ஓட்டின் அகலத்தால், ஒரு பக்கத்து முள்முனையிலிருந்து மறுபக்கத்து முள்முனைவரை கணிப்பது வழக்கம். இந்தோனேசியா 2015 இல் 10 சென்றிமீற்றருக்குக் குறைந்த நண்டைப் பிடித்தலாகாதென விதித்தது. மேற்கு அவுஸ்திரேலியாவில் அந்த எல்லை 127 மில்லிமீற்றர். நண்டு இறைச்சி வாங்கும் அமெரிக்க இறக்குமதியாளர் சங்கமும் 8 சென்றிமீற்றருக்குக் குறைந்ததை ஏற்பதில்லை. யாழ்ப்பாணத்து நண்டு இறைச்சியும் கடல் கடந்து செல்கின்ற பொருளாதலின், இஃது நம் தீவுகளின் அடுப்புக்கும் வருவாய்க்கும் தொடர்புடைய செய்தியே.

இனி, திறப்பின் அளவுக்கு வருவோம். நண்டு பக்கவாட்டில் நடப்பது. ஆகவே அது வாசலைக் கடக்கும்போது முள்முனையிலிருந்து முள்முனை வரையுள்ள அகலம் தடையாவதில்லை. முகத்திலிருந்து பின்புறம் வரையுள்ள நீளமும் உடலின் தடிப்புமே கணக்கிற்கு வரும். நீலக்கால் நண்டில் அந்நீளம் அகலத்தில் ஏறத்தாழப் பாதி. தாய்லாந்து ஆராய்ச்சியாளர் மடக்குக் கூட்டிற் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், பக்கச் சுவரின் அடியில் 45 மில்லிமீற்றர் அகலமும் 35 மில்லிமீற்றர் உயரமும் உள்ள நீள்சதுர வாசல் ஏற்றதெனக் கண்டனர். முதிராத நண்டுகள் பெரும்பாலும் வெளியேறின, முதிர்ந்தவை தங்கின. இவ்வளவு நமக்கும் நல்ல தொடக்கம். வட்ட வளையம் விரும்புவோர் நினைவிற் கொள்ளவேண்டியது, அதே நண்டு வட்டத்தினூடு செல்ல விட்டம் நீள்சதுர வாசலின் அகலத்திலும் கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது. நீளமும் தடிப்பும் செங்கோணமாய் நிற்பதால் மூலைக்கு மூலை அளவு கூடுகின்றது.

கம்பிவலையை வெறுமனே வெட்டி விடுதல் கூடாது. வெட்டுமுனை நண்டின் காலைக் கிழிக்கும். வலை வளைந்து அளவும் மாறும். ஆகையால் கெட்டியான பிளாஸ்டிக்கில் அல்லது துருப்பிடிக்காக் கம்பியில் ஒரு சட்டம் செய்து, வெட்டிய இடத்தில் இறுகக் கட்டுக. இரு எதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்று வைப்பது நலம். நண்டு தரையோடு நடப்பதால் வாசலும் தாழ்வாயிருக்க வேண்டும். எனினும் சேற்றிலும் சாதாழையிலும் கூடு புதையுமிடத்தில் அடியோடு அடியாய் வைத்தால் அடைபட்டுவிடும், ஒருவிரல் உயர்த்துக. இரைப்பை வாசலை மறைத்துத் தொங்காதபடியும் பார்க்க. கட்டி முடிந்ததும் கரையில் ஒரு சிறு நண்டையும் ஒரு நடுத்தர நண்டையும் பிடித்து வாசலிற் பொருத்திப் பார்த்தால் ஐயம் தீரும்.

ஆயினும் வாசல் எல்லாவற்றையும் காக்காது. சினை தாங்கிய பெண் நண்டு பெரியது. வாசலால் வெளியேற மாட்டாது. அதன் வயிற்றடியிலே இலட்சக்கணக்கான முட்டைகள் ஒட்டியிருக்கும். முதலில் மஞ்சளும் செம்மஞ்சளுமாய் இருந்து, பொரிக்குங்காலம் நெருங்கக் கருமையடையும். அதனைக் கையாலெடுத்து உடனே நீரில் விடுதல் வேண்டும். சிங்கி இறாலைப் பொறுத்தவரை சினையுள்ளதைப் பிடிப்பதற்கு இந்நாட்டுச் சட்டமே தடை விதித்துள்ளது.

“அடிமடி இழுக்கும் பெரும் படகுகள் கடற்படுக்கையையே வாரிச் செல்கின்றன, எங்கள் சிறு கூட்டில் ஏன் குற்றம் காண்கின்றீர்?” என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வி. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இற் சட்டத்தால் தடைசெய்தது. அதனை நிறைவேற்றுவது அரசின் பொறுப்பு. நண்டிற் பெரும்பகுதி கூட்டிலன்றி வலையிற் படுகிறதென்பதும் உண்மை. எனினும் நம் கரையோரச் சாதாழைப் படுக்கை குஞ்சு வளரும் இடம். அங்கே கூடு வைப்பவர் நாம்.

இன்னும் ஒன்று. காற்றுக்காலத்திற் கயிறறுந்து போகும் கூடு வேலை நிறுத்துவதில்லை. உள்ளே இறந்த நண்டு அடுத்த நண்டுக்கு இரையாகின்றது. இதற்காகவே வோஷிங்டனில் கூட்டின் ஒரு பகுதியைப் பருத்திக் கயிற்றால் கட்டச் செய்கின்றனர்; நாட்செல்ல அக்கயிறு இற்று, கூடு திறந்துகொள்ளும். தும்புக் கயிறு இதற்கு உதவாது; உப்புநீரில் அது நெடுநாள் தாங்கும். நைலோன் அறவே ஆகாது. எண்ணெயோ தாரோ பூசாத மெல்லிய பருத்தி நூற்கயிற்றால் மூடியைக் கட்டி, கூட்டைத் தூக்கும்போதெல்லாம் பார்த்து, நைந்ததும் புதிது மாற்றுக.