பல்கலைக்கழக மாணவர், மாணவியரின் உளநலமும் வாழ்க்கைத் தரமும்

மனச்சோர்வும் பதகளிப்பும் மாணவரைவிட மாணவியரிடையே கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது, பல்வேறு நாடுகளின் பல்கலைக்கழகங்களில் நடைபெற்ற உளநல ஆய்வுகள் பலவும் கண்ட முடிவாகும். இதனை ஆதாரமாகக் கொண்டு, பெண்கள் இயல்பிலேயே மனவலிமை குன்றியோர் எனக் கூறிவிடுவோர் உளர். அக்கூற்று ஆய்வின் முடிவன்று, கூறுவோரின் முற்சாய்வே.

வினாக்கொத்து எதனை அளக்கின்றது என்பதே முதலில் நோக்கற்பாலது. அது துயரத்தை நேரே அளப்பதில்லை. துயரம் பற்றி ஒருவர் அளிக்கும் வாக்குமூலத்தையே அளக்கின்றது. அழுகையை ஆணுக்கு இழுக்கெனக் கற்பிக்கும் சமூகத்திலே, நம்பிக்கையிழந்தீரா என்ற வினாவுக்கு இருபாலாரும் ஒரே வகையில் விடையளிப்பர் என எதிர்பார்ப்பதற்கில்லை. இலங்கையின் தற்கொலை வீதம் 1995ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என உச்சநிலையை எட்டியிருந்தது. கொடிய பீடைகொல்லிகள் தடைசெய்யப்பட்டபின் அது பெருமளவு குறைந்தது. எனினும், உயிரிழப்போருள் ஆண்களே மிகப் பெரும்பான்மையினர் என்ற நிலை மாறவில்லை. "குறையொன்றுமில்லை" எனக் குறியிடும் மாணவனை ஆய்வாளர் அவ்வளவில் நம்பிவிடலாமா?

மொழியும் இங்கு குறுக்கிடுகின்றது. மனச்சோர்வு என்பது ஏட்டுச் சொல். யாழ்ப்பாணத்தவர் "ஒரே யோசனையாக் கிடக்கு" என்பர். அன்றேல் தலையிடி, பெருமூச்சு, நித்திரையின்மை என உடலின் வழியே முறையிடுவர். போர்க்காலத்தில் அங்கு பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இத்தகைய முறையீடுகளின் உட்பொருளை விரிவாக ஆராய்ந்துள்ளார். மொழிபெயர்த்த வினாக்கள் இவற்றைத் தவறவிடுதல் எளிது.

உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்க வாழ்க்கைத்தர அளவுகோல் 26 வினாக்களைக் கொண்டது. உடல், உளம், சமூக உறவு, சூழல் என்னும் அதன் நான்கு கூறுகளுள் மிகுதியான வினாக்கள், அதாவது எட்டு, சூழலுக்கே உரியன. பாதுகாப்பு, பணம், வதிவிடம், போக்குவரத்து, மருத்துவ வசதி முதலியன அவற்றுள் அடங்கும். ஆகவே வாழ்க்கைத் தரம் என்பது தனிமனித மனத்தினுள் மட்டும் தேடத்தக்கதன்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாய், இன்று நமது அரச பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோருள் பெண்களே அதிகம். ஆயினும் இரவில் நூலகத்திலிருந்து விடுதிக்கு மீளும் வழியும், நெரிசல்மிக்க பேருந்தும் அவர்களுக்கு ஆண்களுக்குப் போன்றவையல்ல. மாணவனையோ, படிப்பு முடியுமுன்பே குடும்பத்தின் கடனும் சகோதரியரின் சீதனமும் எதிர்நோக்கி நிற்கின்றன.

பகிடிவதை இருபாலாரையும் தாக்குவது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சென்ற ஆண்டு துன்புற்றவனே இவ்வாண்டு துன்புறுத்துகின்றான் என்பதில், ஆண்களிடையே வாக்குமூலமாகாத துயரம் எவ்வழியே வெளிப்படுகின்றது என்பதற்கு ஒரு விடை கிடைக்கலாம். எனவே ஆண், பெண் மதிப்பெண்களை ஒப்பிடும் ஆய்வாளர் விடுதி, பயணம், வருமானம், பகிடிவதை, ஆலோசகரிடம் தன் தாய்மொழியிற் பேசும் வாய்ப்பு ஆகியவற்றையும் அதே தாளில் வினவுதல் வேண்டும்.