வாங்கினேன் என்னும் சொல்

ஆறாம் வேற்றுமை கற்பிக்கும் நாள் எனக்கு எப்பொழுதும் உவப்பான நாள். ஒரு பொருள் ஒருவனுக்கு எவ்வாறு உரியதாகின்றது என்பதை நம் இலக்கண நூலார் இரண்டே பிரிவில் அடக்கினர். சாத்தனது கை என்பது தற்கிழமை. அவனினின்றும் பிரிக்க இயலாதது. சாத்தனது தோணி என்பது பிறிதின் கிழமை. அவனுக்கு வேறாய் நின்று அவனுக்கு உரிமையாவது. அத்தோணியை அவன் விற்கலாம்; அயலவனுக்கு இரவல் கொடுக்கலாம்; தன் மகனுக்கு விட்டுச் செல்லலாம். உரிமை என்பதன் பொருள் இவ்வளவே.

சென்ற தவணையில் எங்கள் கரைத்தீவிலே பத்தாந் தர மாணவர்க்கு இதனைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கரைதீவு என்றவுடன் விபுலாநந்த அடிகள் பிறந்த கிழக்கிலங்கை ஊரை நினைப்பவர் பலர். யான் கூறுவது புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திலுள்ள கரைத்தீவு. பிறிதின் கிழமைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டேன். "வாப்பாவின் வலை" என்றான் ஒருவன். "எனது சைக்கிள்" என்றான் இன்னொருவன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "எனது உடுப்பு" என்று தொடங்கி, சற்றே தயங்கி, "போன மாசம் வரைக்கும் எனது, சேர். இப்ப இல்லை" என்றான்.

"கிழிந்துவிட்டதோ?" என்றேன்.

"இல்லை சேர். கேமை மூடிட்டாங்க."

வகுப்பு முழுவதும் சிரித்தது. யானும் சிரித்தேன். அம்மட்டோடு நின்றேனா? "காற்றை விலைக்கு வாங்கினாய், அது காற்றோடு போயிற்று" என்று ஒரு சொல்லையும் எறிந்தேன். பையன் ஒன்றும் பேசாது அமர்ந்துவிட்டான்.

மணி அடித்த பின்னர் அவன் என்னைத் தேடி வந்தான். கைத்தொலைபேசியில் ஆடும் ஒரு விளையாட்டு. அதிலே தன் வீரனுக்கென்று உடைகளும் ஆயுதங்களும் இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக வாங்கியிருக்கிறான். எல்லாமாக ஏறத்தாழ 6,000 ரூபாய். அது தந்தையின் சட்டைப் பையிலிருந்து எடுத்த காசன்று. விடுமுறை நாள்களில் கருவாட்டு வாடியில் மீன் காயவைத்துப் பெற்ற கூலி. விளையாட்டை நடத்தியவர்கள் ஒரு நாளைக் குறித்து, அன்றோடு மூடுகிறோம் என்று அறிவித்து, அவ்வாறே மூடிவிட்டனர். பணம் திரும்பவில்லை. அவன் என்னைக் கேட்டது இதுதான்: "சேர், கடையில பந்து வாங்கினேன். பிறகு முதலாளி கடையை மூடுறார். மூடுறவர் வீட்டுக்கு வந்து பந்தையும் எடுத்துக்கொண்டு போவாரா?"

எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாத ஆசிரியன் செய்யத்தக்கது படிப்பதொன்றே. படித்தறிந்ததை இங்கு எழுதுகின்றேன்.

குதிரைக்கு ஒரு கவசம்

கணினி விளையாட்டை முழுதாக ஒரு விலைக்கு விற்பதே முன்னைய வழக்கு. 2006 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் பெதெஸ்டா என்னும் அமெரிக்க நிறுவனம், தன் 'ஒப்லிவியன்' என்ற விளையாட்டிலே வரும் குதிரைக்கு ஒரு கவசத்தைத் தனியே இரண்டரை டொலருக்கு விற்றது. குதிரையோ திரையிலே ஓடும் படம். அதற்கு ஒரு கவசமா, அதற்கும் ஒரு விலையா என்று ஆடுவோர் எள்ளி நகையாடினர். ஆயினும் அவ்வழி பெருவழியாயிற்று. இன்று பல விளையாட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உள்ளே நுழைந்த பின்னர் உடைக்கு ஒரு விலை, ஆயுதத்துக்கு ஒரு விலை, பருவந்தோறும் ஒரு நுழைவுச் சீட்டு என்று சிறு சிறு தொகையாகப் பெறுகின்றனர்.

இவ்வாறு வாங்கிய உடை வாங்கினவன் கைத்தொலைபேசியில் இருப்பதாக நாம் எண்ணுகின்றோம். அது பிழை. எங்கோ தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினியிலே, இன்னானுக்கு இன்ன உடை என்று எழுதிய ஒரு கணக்குப் பதிவே அது. அக்கணினியைச் சேவையகம் என்பர். சேவையகத்தை நிறுத்தினால் ஏடு மூடப்படும். ஏட்டிலுள்ள உடைமையும் உடன் மறையும்.

முழு விலை கொடுத்து வாங்கியவர்க்கும் இக்கதி நேர்ந்தது. பிரான்சு நாட்டு யூபிசொப்ட் நிறுவனம் 2014 டிசெம்பரில் 'த குரூ' என்னும் காரோட்டப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. தனியே இருந்து ஆடினாலும் அதற்கு இணையத் தொடர்பு இன்றியமையாதது. 2024 மார்ச் 31 அன்று அதன் சேவையகங்கள் நிறுத்தப்பட்டன. குறுந்தட்டாக வாங்கி வைத்திருந்தவர் கையில் தட்டு இருந்தது, ஆட்டம் இல்லை. அடுத்த மாதமே ரொஸ் ஸ்கொட் என்னும் அமெரிக்கர், விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திலே குடிமக்கள் ஒரு சட்டத்தை வேண்டுவதற்கு 10 இலட்சம் ஒப்பங்கள் தேவை. 2025 யூலை 31 ஆந் திகதிக்குள் 14 இலட்சத்துக்கு மேல் திரண்டன. விளையாட்டுத்தானே என்று நாம் சிரிக்கும் ஒன்றுக்காக இத்தனை பேர் ஒப்பமிட்டனர்!

தமிழகத்துப் பிள்ளைகள் இதனை வேறொரு வாயிலாக அறிவர். 2020 செப்டெம்பர் 2 அன்று இந்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. பப்ஜி மொபைல் அவற்றுள் ஒன்று. அக்டோபர் 30 ஆந் திகதியோடு அந்நாட்டில் அதன் சேவை நின்றது. மறு ஆண்டு யூலையில் அதுவே வேறு பெயரோடு வந்தபோது, பழைய உடைமைகளைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ள ஒரு வழி திறந்தனர். மூடியது அரசாணையால், மீட்டது நிறுவனத்தின் விருப்பத்தால். இரண்டிலும் பணம் கொடுத்தவனின் உரிமை எங்கே நின்றது? வாயிலுக்கு வெளியே நின்றது.

கடலையும் பாட்டையும் அறிந்தவர்

மறுபக்கத்தையும் கூறுதல் முறை. சேவையகம் நடத்தப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். ஆடுவோர் குறைந்த ஆட்டத்தை என்றென்றும் நடத்துக என்றல் நியாயமாகாது. ஆடுவோர் கையில் அதனை விட்டுவிட்டால் பாதுகாப்புக்கும் அங்கே நிகழும் தவறுகளுக்கும் யார் பொறுப்பு என்றும் நிறுவனத்தார் வினவுகின்றனர். இவை புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல. ஆனால், இயக்கத்தார் கேட்பதும் என்றென்றும் நடத்துக என்பதன்று. மூடும்போது, வாங்கினவன் தன்னளவில் ஆடுவதற்கு ஒரு வழியை விட்டுச் செல்க என்பதே. அது இயலாத காரியமுமன்று. 'த குரூ' வரிசையின் பின்னைய இரண்டு விளையாட்டுகளுக்கும் இணையமின்றி ஆடும் வழி தருவதாக அதே யூபிசொப்ட் நிறுவனம் 2024 செப்டெம்பரில் அறிவித்தது.

என் குறை பெரிதும் சொல்லைப் பற்றியது. நம் கடற்கரைகளில் கரைவலைக்குப் பாடு என்றோர் ஏற்பாடு உண்டு. இன்ன கரையில், இன்ன முறையில் வலை இழுக்கும் உரிமை அது. பாடு உடையவன் எவனும் கடலை வாங்கினேன் என்று சொல்வதில்லை. முறை முடிந்தால் அடுத்தவனுக்கு இடம் விடுகின்றான். அதில் அவனுக்கு ஏமாற்றமும் இல்லை. ஏனெனில் சொல்லிலேயே உண்மை இருக்கின்றது. அவ்வாறே வாடகை, குத்தகை, ஒற்றி, வாரம், இரவல் என்று ஒவ்வோர் உறவுக்கும் நம்மிடம் ஒரு சொல் உண்டு. விலைக்கு வாங்குதல் அவற்றினின்றும் வேறு. புத்தளத்து உப்பளம் ஒன்று நாளை மூடப்பட்டால், நேற்று வாங்கிய உப்பு கரிப்பை இழந்துவிடுமா?

அப்பையனின் உடுப்பை இவ்விலக்கணத்தில் எங்கே வைப்பது? அதனை அவன் விற்க முடியாது. இரவல் கொடுக்க முடியாது. தம்பிக்கு விட்டுச் செல்லவும் முடியாது. ஆகவே அது பிறிதின் கிழமையன்று. அது ஓர் அனுமதி; கொடுத்தவர் வேண்டியபோது மீட்டுக்கொள்ளும் அனுமதி. ஆனால் பையன் தொட்ட பொத்தானில் எழுதியிருந்த சொல்லோ 'வாங்கு' என்பது. பணம் கொடுக்கும்போது விற்பனை. பொருளைக் கேட்கும்போது இரவல். இந்தத் திரிபு எந்த இலக்கணத்துக்கும் அடங்காது.

கலிபோர்ணியா மாநிலம் இந்தச் சொல்லையே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2025 சனவரி 1 முதல், இத்தகைய மின்பொருள்களை விற்போர், கொடுப்பது வெறும் அனுமதியே என்பதைத் தெளிவுறச் சொல்லாமல் 'வாங்கு' என்னும் சொல்லை அங்கே ஆளலாகாது. நம் நாட்டில் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் உண்டு; அது கையால் எடுத்துக் கொடுக்கும் பொருள்களை எண்ணி எழுந்தது. நுகர்வோரை மயக்கும் வணிக நடத்தையைத் தடுக்கும் 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் உண்டு. 'வாங்கு' என்று எழுதி அனுமதியைக் கொடுத்தல் மயக்குதல் ஆகாதா என்பதைச் சட்டமறிந்தோர் ஆராய்வார்களாக.

ஏடும் விளையாட்டும்

இது பிள்ளைகளின் விளையாட்டோடு நிற்கும் காரியமன்று. 2009 யூலையில் அமேசன் நிறுவனம், தன் மின்னூற் கருவியில் வாசகர் விலைகொடுத்து வாங்கியிருந்த ஜோர்ஜ் ஓர்வெலின் இரண்டு நூல்களை, அவர்கள் அறியாமலே தொலைவிலிருந்து அழித்தது. பதிப்பித்தவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது; தலைவர் வருத்தமும் தெரிவித்தார். ஆயினும், புத்தக அலுமாரியுள் இன்னொருவர் கை நுழைய முடியும் என்பது அன்று தெரிந்துவிட்டது.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சிற் பதிப்பித்தார். அதற்கு ஏடு எங்கிருந்து வந்தது? வீடுகளிலும் மடங்களிலும் அவரவர் உடைமையாய்க் கிடந்த சுவடிகளிலிருந்து வந்தது. படியெடுக்கவும் மகனுக்கு விட்டுச் செல்லவும் உடையவனுக்கு உரிமை இருந்தமையால் அவை தப்பின. அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளிவந்த பழைய கணினி விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று அங்குள்ள விளையாட்டு வரலாற்று நிறுவனம் ஒன்று 2023 இல் கணக்கிட்டது. சந்தையை விட்டுப் போனவை எஞ்சுவது பழைய தட்டை வைத்திருப்பவன் பெட்டியிலே. சேவையகத்தில் மட்டும் வாழ்வதற்கோ பெட்டியும் இல்லை.

மறுநாள் வகுப்பில், முதல்நாள் யான் சொன்ன சொல் தவறு என்று எல்லார் முன்னிலையிலும் கூறினேன். உழைத்த கூலியைக் கொடுத்து ஒருவன் ஒன்றை வாங்கினால் அது காற்றன்று. காற்றைப் பொருளென்று விற்றவரே நகைக்கத்தக்கவர். பின்னர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். 'வாங்கு' என்று ஒரு பொத்தான் தோன்றும்போது மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும்: இதை நான் பிறருக்குக் கொடுக்கலாமா? கொடுத்தவர் போன பின்னும் இது என்னிடம் நிற்குமா? நில்லாதெனின், எந்நாள் வரை? மூன்றுக்கும் நல்ல விடை இல்லையெனில், அது வாடகை. வாடகைக்கு உரிய காசை மட்டுமே கொடுங்கள்.

பையன் கேட்டான்: "அப்ப அந்தப் பொத்தானில் என்ன எழுத வேணும், சேர்?"

கரும்பலகையில் 'இரவல்' என்று எழுதினேன். இந்த முறை எவரும் சிரிக்கவில்லை.